ஓரத்து நாற்காலி

கதை எழுதுகிறவர்களுக்குக் கண்ணீர் என்றால் ஒரு தனிப் பிரியம். என் கதாநாயகிகள் இதுவரை வடித்த கண்ணீரைச் சேர்த்து வைத்தால் எங்கள் ஊர்க் குளத்தை நிரப்பிவிடலாம் என்று என் கணவர் சொல்வது உண்டு. கல்யாணம் நின்று போனால் அழுதார்கள். கல்யாணம் நடந்தாலும் அழுதார்கள். ரயிலடியில் அழுதார்கள், சமையலறைக் கதவுக்குப் பின்னால் அழுதார்கள். அவர்கள் மூன்று பிள்ளை பெற்றார்கள், நாற்பதைத் தாண்டினார்கள், பஸ்ஸில் எட்டு மணி நேரம் பிரயாணம் செய்து பிறந்த வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் ஒருத்தியாவது, "அடுத்தாற்போல் இந்த பஸ் எங்கே நிற்கும்?" என்று உள்ளுக்குள் தவித்ததாக நம்முடைய கதைகளில் அநேகமாக வருவதில்லை. கதைப் பெண்ணுக்குக் கண் உண்டு, இதயம் உண்டு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

வாழ்க்கைப் பெண்ணுக்கு உண்டு. இருமினால், தும்மினால், விழுந்து விழுந்து சிரித்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், சிலருக்குச் சில சொட்டுச் சிறுநீர் தாமாக வெளியேறிவிடுகிறது. இன்னும் சிலருக்கு, 'போக வேண்டும்' என்ற நினைப்பு வந்த மறு விநாடி அடக்க முடியாமல் போய்விடுகிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்களுக்கு இருக்கும் உபத்திரவம் இது. இதைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன். முகத்தைச் சுளிக்க நினைப்பவர்கள் இந்தப் பாராவோடு அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். எனக்கு மனஸ்தாபம் இல்லை.

பத்திரிகை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னபோது டெலிபோனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்முடையது குடும்பப் பத்திரிகை ஆயிற்றே, அம்மா" என்றார்.

"அதனால்தான் சார். இது குடும்பத்தில்தானே இருக்கிறது" என்றேன்.

நல்ல மனிதர். "எழுதுங்கள், பார்க்கலாம்" என்றார்.

எனக்கு இந்த விஷயம் தெரிய வந்ததற்குக் காரணம் என் அத்தை. அப்பாவின் தங்கை, கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் குடும்பத்தில் அவளைப் போலச் சிரிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. அத்தை சிரித்தால் அடுத்த வீட்டுக்காரர்கள், "உங்கள் வீட்டுக்கு அவள் வந்திருக்கிறாளா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நான் எழுதிய கதைகளில் வரும் வேடிக்கைப் பேச்சில் பாதி அவளிடமிருந்து திருடியது.

அப்படிப்பட்ட அத்தை ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் மெல்ல மெல்ல மாறினாள். யாராவது தமாஷாகப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கல்யாண மண்டபத்தில் நடு வரிசையில் உட்கார மாட்டாள்; கதவை ஒட்டி, ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள். மகாமகக் குளத்துப் பக்கமே வாழ்ந்தவள், உற்சவக் கூட்டம் என்றால் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். வெளியூர்ப் பிரயாணம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைத் தொட மாட்டாள். "வயதாகிவிட்டதல்லவா, பக்குவம் வந்துவிட்டது" என்றார் மாமா. "கர்வம் வந்துவிட்டது" என்றார்கள் சம்பந்தி வீட்டார். நான் கதை எழுதுகிறவள் அல்லவா? மருமகளோடு ஏதோ மனக்கசப்பு என்று நானாக ஒரு கதை கட்டிப் பார்த்தேன். எங்கள் மூவருடைய ஆராய்ச்சியும் அவளுடைய மூத்திரப் பையைத் தொடவே இல்லை.

கண்புரை ஆபரேஷனுக்காக அவள் சென்னையில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கினாள். அப்போதுதான் கவனித்தேன். மொட்டைமாடிக் கொடியில் நல்ல வெயில் இருக்க, குளியலறைக் கதவுக்குப் பின்னால், துவாலைக்கு அடியில், மடித்து மடித்துத் தைத்த பழைய வேஷ்டித் துண்டுகள் ஈரமாகத் தொங்கின. ஒன்றல்ல, ஆறு. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு அவளே துவைத்துப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம், வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். அத்தை முதலில் கீரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் உண்டுடி. அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது தும்மினால் புடவை மாற்ற வேண்டியிருக்கிறது" என்றாள்.

"யாரிடமாவது சொன்னீர்களா, அத்தை?"

"யாரிடம் சொல்வது? என் மாமியாருக்கும் இப்படித்தான் இருந்தது. அவர் சொன்னாரா? பெண் ஜன்மம் என்றால் இதெல்லாம் உண்டு என்று இருந்துவிட்டேன்."

முப்பது வருஷம். ஒரே வீட்டில், ஒரே சுவருக்குள், மாமியாரும் மருமகளும் ஒரே சங்கடத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். கண்ணுக்கு வைத்தியம் செய்துகொள்ள ஊர் விட்டு ஊர் வந்தவள், இதற்கும் வைத்தியம் உண்டு என்று கனவிலும் நினைக்கவில்லை.

லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பரிசோதித்து, சிறுநீரைச் சோதிக்கக் கொடுத்து, கிருமி ஒன்றும் இல்லை, சர்க்கரை இல்லை, கர்ப்பப்பையும் பெரிதாக இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டபின், மருந்துச் சீட்டு எழுதாமல் வேறொரு சீட்டு எழுதினார். பிசியோதெரபி பகுதியில் ஒரு பெண்ணைப் பார்க்கச் சொன்னார். "தேகப் பயிற்சியா? இந்த வயதில் என்னைக் குட்டிக்கரணம் போடச் சொல்கிறாரா?" என்று வராந்தாவிலேயே கேட்டாள் அத்தை. பழைய அத்தை எட்டிப் பார்த்தது அப்போதுதான்.

பயிற்சி சொல்லித் தந்த பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். ஆனால் விஷயத்தை விளக்கிய விதம் ஒரு தேர்ந்த உபாத்தியாயருடையது. நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவள். எனக்கே புரிந்தது என்றால் வாசகர்களுக்கு நிச்சயம் புரியும்.

குழந்தைக்குப் புடவையில் தூளி கட்டுகிறோம் அல்லவா? அதுபோல நம் இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்புறத்து எலும்பிலிருந்து பின்னால் முதுகுத்தண்டின் வால் எலும்பு வரையில் தசைகளால் ஆன ஒரு தூளி இருக்கிறது. மூத்திரப் பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் தங்கியிருக்கின்றன. சிறுநீர் வெளியேறும் பாதையும் அந்தத் தூளியின் நடுவாகத்தான் கீழே இறங்குகிறது. நாம் இருமும்போது வயிற்றின் அழுத்தம் மேலிருந்து திடீரென்று கீழே தள்ளுகிறது. தூளி இறுக்கமாக இருந்தால் அது உடனே மேல்நோக்கி ஏந்திப் பாதையை மூடிக்கொள்ளும். தளர்ந்திருந்தால், அழுத்தம் ஜெயித்துவிடும். சில சொட்டுக்கள் தப்பிவிடும்.

பிரசவத்தின்போது அந்தத் தசைகள் விரிகிற விரிவு கொஞ்சநஞ்சம் அல்ல. சிலருக்கு அவை கிழிந்தும் போகின்றன. அவற்றுக்குச் செல்லும் நரம்புகளும் நசுங்குகின்றன. பிறகு வயது ஏற ஏற, மாதவிலக்கு நின்றபின் அந்த இடத்துத் திசுக்கள் மெலிகின்றன. நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடற்பருமன், தினமும் பாரம் தூக்குவது ஆகிய எல்லாம் சேர்ந்து தூளியை இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். சுக்கும் திப்பிலியும் போட்டு லேகியம் கிண்டுவார்கள். பூண்டு வதக்கிப் போடுவார்கள். வயிறு சரியக் கூடாது என்று பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டுவார்கள். எல்லாம் அன்பினால் செய்வது. ஆனால் வெளியே தெரியும் வயிற்றுக்குக் கட்டுப் போட்ட நாம், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யோகாசனம் கற்றவர்கள் மூலபந்தம் என்று ஒன்று செய்வார்கள். அதில் சுருக்குவது ஏறக்குறைய இந்த இடத்தைத்தான். ஆனால் அதைப் பிள்ளை பெற்றவளின் அறைக்குள் கொண்டுவந்து சொல்லித் தந்த பாட்டி யாரும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

மேல்நாட்டிலும் இது நேற்று முளைத்த விஷயந்தான். இதன் சரித்திரத்தில் ஒரு நடனக்காரி வருகிறாள் என்று படித்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. மார்கரெட் மாரிஸ் என்று பெயர். இங்கிலாந்தில் நடனமாடியவர், நடனம் கற்பித்தவர். பிறகு உடற்பயிற்சி வைத்தியத்திலும் தேர்ச்சி பெற்றவர். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் இருந்த சிஸ்டர் ராண்டெல் என்ற அம்மாளோடு சேர்ந்து, பிரசவித்த பெண்களுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் உரிய பயிற்சிகளைப் பற்றி 1936இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அடித்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி அவருடைய முறையில் இருந்தது.

ஆனாலும் உலகம் முழுவதும் பரவியது வேறொருவர் பெயர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பெண் நோய் வைத்தியர் ஆர்னால்ட் கெகல், 1948இல் இந்தத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பலப்படுத்தும் முறையைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். இன்றைக்கும் ஆங்கிலத்தில் இவை 'கெகல் பயிற்சிகள்' என்றே வழங்குகின்றன. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத தசையை எப்படிச் சுருக்குவது என்று பெண்கள் திணறுவதைப் பார்த்து, ஒரு கருவியைச் செய்தார். உள்ளே வைக்கும் ரப்பர் பை ஒன்று. அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் அழுத்தம் காட்டும் முள். சரியான தசையைச் சுருக்கினால் முள் ஏறும், தவறினால் அசையாது. பெண்கள் தங்கள் பலம் நாளுக்கு நாள் ஏறுவதைக் கண்ணால் பார்த்தார்கள். முன்னேற்றத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் முயற்சியைக் கைவிடுவதில்லை.

கருவி வேண்டுமா என்றால், பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. ஆனால் சரியாகச் சொல்லித் தருகிற ஆள் வேண்டும். 1991இல் அமெரிக்காவில் நாற்பத்தேழு பெண்களுக்கு இந்தப் பயிற்சியைச் சுருக்கமாக வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். அது உபத்திரவத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டக்கூடிய காரியம். ஆகையால் நான் கீழே எழுதுவதைப் படித்துவிட்டு, 'டாக்டரிடம் போக வேண்டியதில்லை' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் தடவையாவது, தெரிந்தவர் பரிசோதித்துச் சரி பார்ப்பது நல்லது.

அந்தப் பெண் அத்தைக்குச் சொல்லித் தந்தது இதுதான். முழங்காலை மடித்துப் படுத்துக்கொள்ளலாம். அல்லது நாற்காலியில் நிமிர்ந்து உட்காரலாம். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரிவதை அடக்குவது போலவும், கூடவே சிறுநீரை அடக்குவது போலவும் பாவித்து, அந்தத் தசைகளை உள்ளுக்குள் சுருக்கி மேலே தூக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் மூன்றும் சும்மா இருக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. சரியாகச் செய்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. முதலில் இரண்டு மூன்று விநாடி தாங்கினால் போதும். நாளடைவில் ஆறு, எட்டு விநாடி வரை போகலாம். பிடித்த அளவு நேரம் தளர்த்தி ஓய்வு கொடுக்க வேண்டும். அப்படி ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய வழிகாட்டிகளும் இந்தக் கணக்கைத்தான் முதல் சிகிச்சையாகச் சொல்கின்றன. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைத் தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அந்தப் பெண் எச்சரித்தாள்; மூத்திரப் பை சரியாகக் காலியாகாமல் போகலாம்.

"குட்டிக்கரணமே தேவலை போலிருக்கிறது. அதிலாவது போட்டோமா, போடவில்லையா என்று தெரியும்" என்றாள் அத்தை.

பெண் சிரித்துவிட்டு, இன்னொரு உபாயம் சொன்னாள். இருமலோ தும்மலோ வருகிறது என்று தெரிந்தால், அதற்கு ஒரு விநாடி முந்திக்கொண்டு தசையைச் சுருக்கிவிட வேண்டும். குடத்தைத் தூக்குவதற்கு முன்பும் அப்படியே. வெள்ளம் வருமுன் மதகை இறக்குவது போல. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில், வயதான பெண்கள் சிலருக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்துப் பார்த்து 1998இல் எழுதினார்கள். தசை பலப்பட மாதக் கணக்கில் ஆகும். ஆனால் இந்தச் சமயோசிதத்தைக் கற்ற ஒரே வாரத்தில், இருமும்போது ஒழுகுவது அவர்களுக்கு வெகுவாகக் குறைந்துவிட்டதாம்.

அத்தை ஊருக்குத் திரும்பிய பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசினேன். முதல் வேளைப் பயிற்சியைக் காலைக் காப்பிக்கும், இரண்டாவதை மத்தியானச் சிரம பரிகாரத்துக்கும், மூன்றாவதை டெலிவிஷன் தொடரில் விளம்பரம் வரும் நேரத்துக்கும் ஒதுக்கியிருந்தாள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று கோடு போடுவாள். நனைந்த துணிக்கு ஒரு புள்ளி. மாமா, "இது என்ன கணக்கு?" என்று கேட்டாராம். "பால் கணக்கு" என்று சொல்லிவிட்டாள்.

நாலாவது வாரம் போனில் குரல் கம்மியிருந்தது. "கோடு எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். புள்ளியும் சரியாகத்தான் விழுகிறது. போதும்டி, விட்டுவிடுகிறேன்" என்றாள். உடலில் எந்தத் தசையும் நாலு வாரத்தில் முழுசாகத் தேறிவிடாது என்று அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதை அத்தைக்கு நினைவுபடுத்தினேன். முப்பது வருஷம் சும்மா இருந்தவள் இன்னும் எட்டு வாரம் பொறுக்கக் கூடாதா என்று வாதாடினேன். தொடர்ந்தாள்.

நடுவில் என் சொந்த விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருமினால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வெளியே போய்விட்டு வந்து வாசல் பூட்டில் சாவியை நுழைத்தேனோ இல்லையோ, அதுவரை சாதுவாக இருந்த மூத்திரப் பை திடீரென்று ரகளை செய்ய ஆரம்பித்துவிடும். சாவி கை நழுவும். பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக ஓடுவேன். சில நாட்களில் ஓட்டத்தில் தோற்றும் போயிருக்கிறேன். அத்தையோடு துணைக்குப் போனவள், என் கதையையும் மெல்லச் சொன்னேன்.

இது வேறு வகை என்றாள் அந்தப் பெண். இங்கே பை நிறைவதற்கு முன்பே அதன் சுவர்த் தசை தானாகச் சுருங்கிவிடுகிறது. இதற்குப் பையைப் பழக்க வேண்டும், குழந்தையைப் பழக்குவது போல. மூன்று நாள் டயரி எழுதச் சொன்னாள்: என்ன குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போயிற்று என்று. நாவலுக்கு இவ்வளவு சிரத்தையாகக் குறிப்பெடுத்ததில்லை. பார்த்தால் முக்கால் மணிக்கு ஒரு தரம் போய்க்கொண்டிருக்கிறேன். காப்பி மட்டும் நாளுக்கு ஐந்து தம்ளர். எழுத்தாளர்களுக்கு அது மை மாதிரி.

காப்பி இரண்டாகக் குறைந்தது. முதல் வாரம் ஒரு மணிக்கு ஒரு தரம்தான் போகலாம் என்று விதி. பிறகு ஒவ்வொரு வாரமும் கால் மணி, அரை மணி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், மூன்று மணி வரைக்கும் வர வேண்டும். நடுவில் அவசரம் வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, அடித்தளத் தசையை வேகமாக ஐந்தாறு தடவை சுருக்கி விட வேண்டும். அலை மாதிரி அவசரம் ஏறி, உச்சிக்குப் போய், தானே தணியும். தணிந்த பிறகு மெதுவாக நடந்து போகலாம். குறைந்தது ஆறு வாரம் இப்படிப் பழக்க வேண்டும். கேட்கும்போது நம்பிக்கை வரவில்லை. ஆனால் 1998இல் அமெரிக்காவில் 55 முதல் 92 வயது வரையிலான 197 பெண்களிடம் சோதித்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு ஒழுகும் தடவைகள் நூற்றுக்கு 81 பங்கு குறைந்தன. மருந்து சாப்பிட்டவர்களுக்கு 69. வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு 39. தொண்ணூற்றிரண்டு வயது வரை உள்ளவர்கள் பழகியிருக்கிறார்கள் என்றால் நமக்கு என்ன?

எனக்கு ஏழாவது வாரத்தில் வாசல் பூட்டு வெறும் பூட்டாகிவிட்டது.

அத்தையின் மூன்று மாதம் புரட்டாசியில் முடிந்தது. எல்லாம் பூரணமாகக் குணமாகிவிட்டது என்று எழுதினால் அது கதை. நிஜம் இதுதான்: காலண்டரில் வாரத்துக்குப் பதினைந்து, இருபது என்று இருந்த புள்ளி இரண்டு மூன்றாகிவிட்டது. கடும் ஜலதோஷம் பிடித்தால் இன்னமும் துணி வேண்டியிருக்கிறது. ஆனால் ஐப்பசியில் அவள் பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். சம்பந்தி மாமா ஏதோ வாய் தவறிச் சொல்ல, கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த அத்தை ஒரு கணம் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணம் எதற்கு என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். பிறகு சிரித்தாள் பாருங்கள், சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு வீட்டுச் சமாசாரத்தை வைத்து ஊருக்கு உபதேசம் செய்யலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நார்வேயைச் சேர்ந்த காரி பூ என்ற பிசியோதெரபி நிபுணரும் அவருடைய சகாக்களும் 1999இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இருமினால் ஒழுகும் பெண்கள் 107 பேரை நாலு பிரிவாக்கினார்கள்: தசைப் பயிற்சி, மின்சாரத் தூண்டல், எடைக் கூம்புகளை உள்ளே தாங்கிப் பழகுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. முதலில் வந்தது செலவில்லாத தசைப் பயிற்சிதான். 2018இல், பதினாலு தேசங்களில் நடந்த 31 சோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். இருமல் வகை உபத்திரவம் உள்ளவர்களில், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமாகிவிட்டது என்று சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். உடற்பருமன் உள்ள பெண்கள் எடையைக் குறைத்தால் ஒழுகுவதும் குறைகிறது என்று 2009இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி சொல்கிறது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு எடை குறைந்ததற்கே பலன் தெரிந்தது.

56 என்றால் மிச்சம் 44 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் உபத்திரவம் குறையும். சிலருக்குக் குறையாமலும் போகலாம். அவர்களுக்கு மருந்தும் உண்டு, ஆபரேஷனும் உண்டு. சிறுநீரில் ரத்தம், எரிச்சல், ஜுரம், கால் மரத்துப் போவது, கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்ச்சி, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரைக் குறைத்துக்கொள்வது மட்டும் வைத்தியம் அல்ல. நம் நாட்டுப் பெண்களுக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. வெளியே போனால் சுத்தமான இடம் கிடைக்காது என்று ஆபீஸ் போகிற பெண்ணும், பூ விற்கிற பெண்ணும் காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் இருக்கிறார்கள். அதனால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்துகிறது. மலச்சிக்கல் வந்து தசைகளை இன்னும் வருத்துகிறது. இதற்குத் தசைப் பயிற்சி போதாது. பஸ் நிலையத்தில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவும் தண்ணீர் வரும் ஒரு குழாயும் வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் ஆண்களும்தான் என்பதால், இந்தக் கட்டுரையைப் பெண்கள் பகுதியில் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மனத்தில் தங்கியிருப்பது அந்த ஆறு துணித் துண்டுகள். நோயினால் அத்தை இழந்தது சில சொட்டுச் சிறுநீர்தான். நோயை மறைத்ததால் இழந்தது உற்சவங்கள், பிரயாணங்கள், ஒரு பேரனுடைய ஆண்டு நிறைவு, பல வருஷத்துச் சிரிப்பு. அவள் மாமியார் இழந்தது எவ்வளவோ, அதற்குக் கணக்கு எழுத யாரும் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஓரத்து நாற்காலியைத் தேடி உட்காருகிற ஒருத்தி இருக்கலாம். அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆன மருமகளாகவும் இருக்கலாம். நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள். கீரை ஆயும்போதோ, துணி மடிக்கும்போதோ, அவள் முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் போய் உங்கள் வேலையைப் பாருங்கள்.